சுக்குவுக்குத் துட்டி கேட்க வந்த ஒரே ஆள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். மீன்கார அக்கா வழக்கம்போலத் தெரு முக்கிலேயே "ஏல சுக்கே, வாலே" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்படியில் நின்றாள். அந்தக் குரலை இரண்டு பேருமே கேட்டோம், இரண்டு பேருமே அசையவில்லை. அக்கா வாசலில் கூடையை இறக்கி வைத்து, இலையில் தனியாகச் சுருட்டிக் கொண்டுவந்த சாளைத் தலைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அவர் கூடையை இறக்குவதற்குள் எங்கள் நாய் சுக்கு போய் அவர் முழங்காலில் மூக்கை வைத்திருப்பான்.

நான் வெளியே போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்பம் தாயி?"

"சனிக்கிழமை காலையிலக்கா."

"ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கலாம்லா. வந்து மொகத்தப் பாத்திருப்பேம்லா" என்று சொன்னவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சனிக்கிழமையில் இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வீட்டு வேலையே கதி என்று கிடந்த அம்மா, அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதது அப்போதுதான். கால் மணி நேரம் இருந்தார்கள். பால் எப்போது குடித்தான், எங்கே புதைத்தோம், பையன் எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் எழுந்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் போனார். அன்று எங்கள் வாசலில் வைத்து யாருக்கும் மீன் விற்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டுக்கு, அதாவது துக்க வீட்டுக்குப் போனால் அப்படித்தான். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று முதலில் எங்களுக்குச் சொன்னது அந்த அக்காதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதை எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இன்றைக்கு எழுதி முடித்துவிடுகிறேன்.

சுக்கு எங்களுக்குக் கிடைத்தது 2012 ஐப்பசியில். பாளையங்கோட்டையில் பேருந்துக்கு நின்றபோது, மழைக்கு மூடியிருந்த ஒரு பெட்டிக்கடையின் அடியில் இருந்து முனகல் கேட்டது. குனிந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி, சேறும் சகதியுமாக. நான் அப்போது புதுசாகக் கல்யாணம் ஆனவள், புடவை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன், என்ன சொல்வார்களோ என்ற பயத்தோடு. அம்மா வெந்நீரில் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு, "நல்ல சுக்கு நெறத்துல இருக்குட்டி" என்றாள். அன்றைக்கு வைத்த பெயர். நாட்டு நாய்தான். இடது காது பாதியில் மடிந்திருக்கும், வால் நுனியில் மட்டும் ஒரு விரற்கடை வெள்ளை. என் பையன் பிறந்தபோது சுக்குவுக்கு இரண்டு வயது. தொட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, குழந்தை சிணுங்கினால் எழுந்து அடுப்படிக்கு வந்து என்னைப் பார்ப்பான், நான் நகரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பான். சுக்கு இல்லாத வீட்டை என் பையன் பார்த்ததே கிடையாது.

இனி சொல்லப்போவது எனக்குச் சிரமமானது.

2023 புரட்டாசியில் அவன் தண்ணீர் அதிகமாகக் குடிக்கத் தொடங்கினான். வாசல் சட்டியை ஒரு நாளைக்கு ஒரு தடவை நிரப்பியது போய் மூன்று தடவை, நான்கு தடவை நிரப்பினோம். வெயில் அதிகம், அதனால்தான் என்று நினைத்தேன். பத்துப் பதினைந்து நாளில் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போக ஆரம்பித்தான். பதினொரு வருஷம் ஒரு நாள்கூடப் போகாதவன். ஹாலில், பையனின் புத்தகப் பைக்குப் பக்கத்தில், ஒரு தடவை கட்டில் காலில். அவனுக்கே அது பிடிக்கவில்லை என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பான். நான் திட்டினேன். காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும் நேரம், ஒரு கட்டு விடைத்தாள் நனைந்துவிட்டது என்று ஒரு நாள் அவனைக் கையால் அடித்தேன். முதுகில், இரண்டு அடி. அவன் ஓடவில்லை. அப்படியே படுத்துக்கொண்டான்.

ஐப்பசியில் வாயில் ஒரு நாற்றம் வந்தது, மூத்திர வாடை மாதிரி. சாப்பாடு குறைந்தது. அப்போதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 4.6. நாய்க்கு ஒன்றரைக்குள் இருக்க வேண்டும் என்றார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இது சரியாகாது, இருக்கிற நாளை நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சிறுநீரகம் கெட்டால் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி போய்விடும், குடித்த தண்ணீரெல்லாம் அப்படியே வெளியேறும், அது போவதால் மறுபடி தாகம், மறுபடி குடிப்பான், அடக்க முடியாமல் வீட்டுக்குள் போவான். அவர் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இரண்டு அடி மட்டும்தான் ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மீன், கறி, ஈரல் எல்லாம் நிறுத்தச் சொன்னார். சோற்றோடு முட்டையின் வெள்ளைக்கரு, பூசணிக்காய், கொஞ்சம் நெய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் என்ற சலைன் ஏற்ற வேண்டும். அதை வீட்டிலேயே ஏற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தார். பாட்டிலை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போகும்போது குளிர் தாங்காமல் நடுங்குவான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழியில் ஊசியைச் செருக வேண்டும். முதல் நாள் என் கை ஆடிய ஆட்டத்தில் ஊசி மறுபக்கம் வந்து என் விரலைக் குத்தியது. பத்து நாளில் பழகிவிட்டது. பையன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஏற ஏற முதுகில் திமில் மாதிரி ஒரு வீக்கம் எழும், அது மெல்ல இறங்கி முன்னங்காலுக்கு வந்து தொங்கும், சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அந்த இருபது நிமிஷமும் சுக்கு என் மடியில் தாடையை வைத்துக்கொண்டு கிடப்பான். அந்த மூன்று மாதத்தில் நான் அவனோடு உட்கார்ந்த அளவுக்கு அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் உட்கார்ந்தது இல்லை.

அப்புறம் வெள்ளம். திருநெல்வேலிக்காரர்களுக்கு 2023 டிசம்பர் 17 என்று சொன்னால் போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு. ஞாயிற்றுக்கிழமை இரவு மின்சாரம் இல்லை, மழைச் சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்கவில்லை, நாங்கள் தூங்கிவிட்டோம். என் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, வீட்டில் நான், அம்மா, பையன் மூன்று பேர்தான். இரண்டு மணிக்குச் சுக்கு என் போர்வையைப் பல்லால் இழுத்தான். மூத்திரம் போகத்தான் எழுப்புகிறான் என்று காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் வரைக்கும் தண்ணீர். பின்கதவு வழியாகச் சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி வீட்டு மைனி வீட்டுக்கு ஏறினோம். விடிந்தபோது கட்டில் மூழ்கியிருந்தது.

அவன் ஏன் அந்த நேரத்தில் விழித்திருந்தான் என்று நான் பின்னால் யோசித்தேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்திருந்தால் அவனும் தூங்கியிருப்பான். ராத்திரிக்கு நான்கு தடவை எழுந்து வெளியே போகும் அந்த வியாதிதான் அவனை விழிக்க வைத்தது. எந்த மூத்திரத்துக்காக அடித்தேனோ, அதனால்தான் நாங்கள் மூன்று பேரும் மாடி ஏறினோம்.

வெள்ளத்துக்குப் பிறகு ஐந்து நாள் சலைன் ஏற்ற வழியில்லை. இருந்த பாட்டில்கள் தண்ணீரோடு போய்விட்டன, கடைகள் மூடிக் கிடந்தன, கையில் குடிதண்ணீரே இல்லை. மைனி வீட்டு மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடித்துக் காய்ச்சி அவனுக்குக் கொடுத்தோம். அந்த ஐந்து நாளில் அவன் இறங்கிப்போனது அதற்குப் பிறகு ஏறவே இல்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த மீன்கார அக்காவின் வீட்டுச் சுவரும் இடிந்திருந்தது. அந்த நிலையிலும் அவர் முதலில் கேட்டது, "சுக்கு எங்க?"

தை கடைசியில் கிரியாட்டினின் 9-ஐத் தாண்டியது. இனி எதைத் தின்றாலும் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா மறுபடியும் சாளைத் தலை கொண்டுவந்தார். சுக்கு அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், இனிமே அவனுக்கு வலி மட்டும்தான் இருக்கு. நீங்க சரின்னா இன்னிக்கே தூங்க வச்சிரலாம்" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றேன். கணவர் சனிக்கிழமை இரவு வருகிறார், அவரும் பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நாளைக்குத் தை அமாவாசை, அது தாண்டட்டும்ட்டி" என்றாள். எல்லாம் சரியான காரணங்கள் மாதிரிதான் இருந்தன. உண்மை என்னவென்றால் என்னால் முடியவில்லை. அவனுக்காக இல்லை, எனக்காக இரண்டு நாள் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அப்பாவுக்கு விரதச் சோறு படைத்துக் காக்காய்க்கு வைத்தாள். அன்று இரவு பத்தரை மணிக்குச் சுக்குவுக்கு வலிப்பு வந்தது. ரத்தத்தில் கழிவு ஏறினால் அது மூளையைத் தாக்கும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். விடியும் வரைக்கும் நான்கு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் முடிந்த பிறகு கண்ணைத் திறந்து எங்களைத் தேடுவான், யார் என்று தெரியாதவன் மாதிரிப் பார்ப்பான், கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொண்டு வால் நுனியை மட்டும் ஒரு தடவை தரையில் தட்டுவான். அந்த இரவை நான்தான் அவனுக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமையே சரி என்று சொல்லியிருந்தால் அந்த இரவு அவனுக்கு இருந்திருக்காது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி. அவன் குறட்டை விட ஆரம்பித்த பிறகு, முன்னங்காலில் முடியை மழித்து, நரம்பில் இரண்டாவது மருந்து. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண் மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன், மூடவில்லை. நாய்களுக்கு அப்படித்தான், திறந்தே இருக்கும் என்றார். நான் கையால் மூடிப் பார்த்தேன், மறுபடி திறந்துகொண்டது. மடிந்த இடது காது மட்டும் எப்போதும்போல இருந்தது.

அவன் படுத்த பத்தமடைக் கோரைப் பாயிலேயே சுற்றி, பத்தமடையில் ஆச்சி வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். மாமா நான்கடி ஆழம் வெட்டி வைத்திருந்தார், நரி தோண்டாமல் இருக்க அவ்வளவாவது வேண்டும் என்று. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூடினோம். பையன் தன் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து ஏதோ எழுதி மடித்து உள்ளே போட்டான். என்ன எழுதினாய் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

திங்கட்கிழமை தற்செயல் விடுப்பு எடுத்தேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சொந்த வேலை" என்று எழுதி அனுப்பினேன். பெரியப்பா, மாமா, சித்தி என்று யார் இறந்தாலும் எழுதலாம். இதை எழுத முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் ஒருவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். "அட, நாய்தான டீச்சர், எங்க பக்கத்து வீட்ல குட்டி போட்டிருக்கு, ஒண்ணு கொண்டு வரவா" என்றார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது, உண்மையிலேயே கொண்டு வந்திருப்பார். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் என் துக்கத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மனுஷச் சாவுக்கு நம்மிடம் எல்லாம் இருக்கிறது. பந்தல் உண்டு, சொந்தம் வந்து கட்டிக்கொண்டு அழும், பக்கத்து வீட்டில் இருந்து சோறு வரும், பால் ஊற்றுவது உண்டு, பதினாறு உண்டு. எதைச் செய்ய வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லாமல் பதினாறு நாளும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்கு ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை புதைத்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்று நினைக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் செத்துப்போன கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவன் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் ஆசிரியை என்பதால் எனக்கு இது முன்பே தெரியும், வகுப்பில் ஒரு தகவலாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த வாரம்தான் அது எனக்கு உறைத்தது. உளியை எடுத்து, கல்லில், ஒவ்வொரு எழுத்தாக ஒரு நாயின் பெயரை வெட்டியிருக்கிறார்கள் என்றால் அந்த ஊரில் அதற்காக யாரோ அழுதிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அதன் பெயர் நமக்குத் தெரிகிறது.

வீடு ரொம்ப நாள் பழையபடி இருந்தது, அதுதான் கஷ்டம். ராத்திரியில் மொசைக் தரையில் நகச் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறேன். கதவைத் திறந்தால் கால் தானாக ஒதுங்கும், அவன் அங்கேதான் படுப்பான் என்று. அம்மா உலை வைக்கும்போது சுக்குவுக்கு என்று ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள், பதினொரு வருஷப் பழக்கம், கை நிற்கவில்லை. தினமும் ராத்திரி ஒரு பிடிச் சோறு மிஞ்சும். இரண்டு பேரும் அந்தச் சட்டியைப் பார்ப்போம், அம்மா தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பையன் கேட்டான், "அம்மா, பத்தமடையில சுக்குக்கு யாரையும் தெரியாதுல்லா, நம்மளத் தேடுவானா?" எனக்குப் பதில் வரவில்லை. அம்மாதான், "ஆச்சியத் தெரியும்லா அவனுக்கு, ஆச்சி பாத்துக்கிடுவா" என்றாள். ஆச்சி போய் ஆறு வருஷம் ஆகிறது. அவன் சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டான்.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அம்மா குளித்துத் தலை முடிந்து, பெரிய சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மீன்கார அக்காவிடம் முந்தின நாளே சொல்லி ஒரு கிலோ சாளை வாங்கியிருக்கிறாள். உப்பு போடாமல் வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சோற்றில் பிசைந்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று பேரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் போய், வழியில் இருந்த நாய்களுக்கெல்லாம் இலையைக் கிழித்துப் போட்டு வைத்தோம். பதினேழு என்று பையன் எண்ணினான். திரும்பி வரும்போது அம்மா, "அவனுக்குப் பதினாறு முடிஞ்சிட்டு" என்றாள். அன்றைக்கு ராத்திரி நான் முதல் தடவையாக விடியும் வரைக்கும் தூங்கினேன்.

ஆனாலும் அந்த இரண்டு அடியும் அந்த இரண்டு நாளும் போகவில்லை. சோகம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது வரும் போகும், அவனை நினைத்தால் சில நேரம் இனிப்பாகக்கூட இருக்கும். குற்ற உணர்ச்சி அப்படி இல்லை, அது இராப்பகலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும்தான். பங்குனியில் மிச்சம் இருந்த மருந்துகளை வேறு எந்த நாய்க்காவது ஆகட்டும் என்று டாக்டரிடம் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவள், நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடித்ததை, நனைந்த விடைத்தாளை, வியாழக்கிழமை பொய்க் காரணம் சொன்னதை.

அவர் குறுக்கே பேசவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று தட்டிக்கழிக்கவும் இல்லை, அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். முக்கால்வாசி சிறுநீரகம் போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறும், நீங்கள் புரட்டாசியில் கொண்டுவந்திருந்தாலும் வியாதியைத் திருப்பியிருக்க முடியாது, சில மாதம் கூடக் கிடைத்திருக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், ஆமாம் என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "டீச்சர், எங்கிட்ட வர்ற முக்காவாசிப் பேர் சீக்கிரமே பண்ணிட்டோமோன்னு அழுவாங்க, மிச்சப் பேர் லேட்டாப் பண்ணிட்டோம்னு அழுவாங்க. சரியான நாள்ல பண்ணினோம்னு சொன்னவங்கள நான் இன்னும் பாக்கல" என்றார்.

ஆமாம் என்று ஒருவர் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது போலிருக்கிறது. அதுவரைக்கும் நான் எனக்குள்ளேயே வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்றுகொண்டிருந்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் வழியில் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஏழு எட்டு வயதைத் தாண்டிய நாய் இருந்தால் ஒன்று சொல்கிறேன். அது குடிக்கும் தண்ணீரை ஒரு நாள் அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நூறு மில்லிக்கு மேல் போனால், அதாவது சுக்கு மாதிரிப் பதினெட்டுக் கிலோ நாய் ஒரு நாளில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் குடித்தால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தோடு சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே சிறுநீரின் அடர்த்தி குறைவது தெரிந்துவிடும். வீட்டுக்குள் போனால் திட்டாதீர்கள். வயதான நாய் வேண்டும் என்று செய்யாது.

ஆடி மாதம் பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்த வேண்டியிருந்தது. வழு, வழாநிலை, வழுவமைதி. எத்தனையோ வருஷமாக நடத்துகிற பாடம், கண்ணை மூடிக்கொண்டு நடத்துவேன். மனிதர்கள் உயர்திணை, மற்ற எல்லாம் அஃறிணை. திணை மாற்றிச் சொன்னால் பிழை. ஆனால் அந்தப் பிழையையே ஒரு காரணத்துக்காக இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் இடம் உண்டு. எடுத்துக்காட்டு, ஒருவன் தன் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்வது. பசு அஃறிணை, வந்தாள் உயர்திணை, தப்புதான், ஆனால் உவப்பினால் சொன்னதால் அது திணை வழுவமைதி.

உவப்பினால் என்று கரும்பலகையில் எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. திரும்பவும் முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. முன் பெஞ்சில் இருந்து ஒரு பெண் மெதுவாக, "டீச்சர், உங்க வீட்ல யாரும்…" என்று இழுத்தாள். எங்கள் வீட்டில் சுக்கு என்று ஒரு நாய் இருந்தான், தையில் இறந்துவிட்டான் என்றேன். இருந்தான், இறந்துவிட்டான். சொன்ன பிறகுதான் கவனித்தேன், பாடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான், வாயே திறக்காத பையன். "எங்க வீட்லயும் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தா டீச்சர், பேரு செல்வி. கோயில் கொடைக்கு வித்துட்டாங்க" என்றான். அப்புறம் வகுப்பு முழுக்க ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பூனை, கோழி, கிளி, வெள்ளத்தில் போன ஒரு காளங்கன்று. எல்லாரும் வந்தான், இருந்தாள், செத்துட்டா என்றேதான் சொன்னார்கள். ஒருவர்கூட 'அது' என்று சொல்லவில்லை. அன்று மணி அடிக்கும் வரைக்கும் அதுதான் பாடம். அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்விக்கு யாரும் தப்பாக எழுதவில்லை.

இன்னொரு நாய் வளர்க்கவில்லையா என்று இப்போதும் கேட்கிறார்கள். பையனுக்கு ஆசை வந்திருக்கிறது, எனக்கு இன்னும் வரவில்லை. வராமலே போகலாம், இல்லை ஒரு மழை நாளில் ஏதாவது பெட்டிக்கடையின் அடியில் முனகல் கேட்டால் குனிந்து பார்ப்பேனோ என்னவோ. அம்மா இன்னும் அந்த ஒரு பிடி அரிசியைப் போடுகிறாள். இப்போது மிஞ்சுவதில்லை, தெருமுனையில் இரண்டு பேருக்கு அது போகிறது. சலைன் பாட்டிலை மாட்டிய ஆணியைச் சுவரில் இருந்து நான் பிடுங்கவில்லை, அதில் இப்போது நாள்காட்டி தொங்குகிறது.

2025 பிப்ரவரி 10 திங்கட்கிழமையாக வந்தது. பத்தமடைக்குப் போக வேண்டும் என்று முன்னாலேயே முடிவு பண்ணியிருந்தோம், கணவரும் கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், இந்தத் தடவை ரொம்ப யோசிக்காமல், "எங்கள் சுக்குவின் முதலாம் ஆண்டு நினைவு நாள்" என்று எழுதித் தலைமை ஆசிரியையிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"சுக்குன்னா யாரு டீச்சர், மாமாவா?"

"எங்க வீட்டு நாய், மேடம்."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்க வீட்ல ரோசி" என்றார்.